காது இல்லாத மரங்கள்

குழல்வாய்மொழிக்குக் கோபம் வந்தால் அந்த வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போடாது. அவள்தான் போடுவாள். அன்று காலை அவள் வாசலில் செருப்பை உதறிய வேகத்தைப் பார்த்தே, இட்லித் தட்டின் முன் உட்கார்ந்திருந்த கோமதிசங்கர் சட்னிக் கிண்ணத்தைப் பத்திரமாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"இதப் பாருங்க அத்தான். நல்லாப் பாருங்க."

மேசை மேல் ஓர் எலுமிச்சங்கிளை வந்து விழுந்தது. இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் நடுநரம்போடு உள்நோக்கி மடிந்து, வாயை இறுக்கிக்கொண்ட குழந்தை போல் மூடிக் கிடந்தது. காய்கள் கோலிக்குண்டு அளவு. அமுக்கினால் விரல்தான் வலிக்கும்.

"தண்ணி விட்டியா?" என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"தண்ணியா? மண்ண அள்ளிப் புடிச்சா கொழுக்கட்ட புடிக்கலாம், அவ்வளவு ஈரம் கெடக்கு. கெணத்துல தண்ணி இருக்கு, கொழாயில தண்ணி இருக்கு, வேர்ல தண்ணி நிக்கி. மரம் குடிக்க மாட்டேங்கு. விரதம் இருக்கு! யாருக்காக இருக்குன்னு நீங்கதான் சொல்லணும். பெரிய விஞ்ஞானி நீங்கதான?"

புளியங்குடிக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில் இருந்தது பூலாங்காடு. அங்கே அவளுடைய அப்பா விட்டுப்போன எலுமிச்சைத் தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கோடையில் காய் திரண்டால்தான் எலுமிச்சைக்கு மதிப்பு. அந்தக் கோடைதான் இப்போது தலைக்கு மேல் நின்றது. அவள் வேலிக்குக் கிழக்கே, சரிவின் கீழ், பசுங்கரை நிறுவனத்தின் எஸ்டேட் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்திருந்தது. அங்கே மட்டும் மரங்கள் சீமந்தம் முடிந்த பெண்களைப் போல் காய் பாரத்தோடு நின்றன. கோமதிசங்கர் அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவன். மேட்டுத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நிலத்தை நிறுவனத்துக்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அவளையும் கேட்டிருந்தது; பதில் சொல்ல வேண்டிய நாள் வருகிற வெள்ளிக்கிழமை.

அவன் கிளையை எடுத்துக்கொண்டு பின்கட்டில் இருந்த தன் சின்ன அறைக்குப் போனான். இலையை நசுக்கிச் சாறெடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தான். திரும்பி வந்தபோது இட்லி ஆறியிருந்தது. அவன் முகமும்தான்.

"நம்ம 'இணக்கம்' பாக்டீரியா உன் மரத்துக்குள்ள இருக்கு, குழலி."

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சென்னையில் விருது கொடுத்த நாளில், பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, அந்த விளக்கம் முழுவதையும் கேட்டவள் அவள்.

"ஏன், மேடையில சொன்னீயளே! ஒவ்வொரு செடிக்குள்ளயும் நல்ல பாக்டீரியா குடியிருக்கும். செடி வறட்சியில தவிச்சா அதுக்கு ஒடம்புக்குள்ள ஒரு வாயு கெளம்பும், இல உதிரும், காய் உதிரும். குடியிருக்கிறவுக அந்த வாயுவ உண்டாக்குற சரக்கத் தின்னு தீத்து, செடிய ஆத்தித் தேத்துவாக. அது கடவுள் செஞ்ச வேல. அதுக்கு மேல எங்க வீட்டுக்காரரு ஒண்ணு செஞ்சாரு. அந்தப் பாக்டீரியாவுக்கு ஒரு வாயும் ஒரு காதும் வச்சாரு. ஒரு மரம் தவிச்சா, அதுக்குள்ள இருக்குற பாக்டீரியா வேர் வழியா அழும். அடுத்த மரத்துல இருக்குறது அதக் கேட்டு, தன் மரத்த இலைய மூட வச்சுரும். 'நீ குடி, நான் பொறுத்துக்கிடுதேன்'ன்னு. சரியாச் சொல்லுதனா?"

"சரிதான்," என்றான் மெதுவாக.

"மிச்சத்தையும் சொல்லட்டா? 'இதுக்கு முன்மாதிரி என் மனைவிதான். எங்க வீட்டில் யார் வாடினாலும் முதலில் விட்டுக்கொடுப்பது அவள்தான்.' எல்லாரும் கைதட்டுனாக. நானும் பல்ல இளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அன்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. திருநெல்வேலியில் கல்லூரி வேலையை விட்டுக்கொடுத்தது, மாமியாருக்கு முடியாமல் போனபோது வாசல் அறையை விட்டுக்கொடுத்தது, அவனுடைய வெளிநாட்டுப் படிப்புக்காகத் தன் படிப்பை விட்டுக்கொடுத்தது எல்லாவற்றையும் அவன் கவனித்திருக்கிறான் என்று நெகிழ்ந்துபோயிருந்தாள். கவனித்தவன் அதை நிறுத்த நினைக்கவில்லை, புட்டியில் அடைத்து விற்க நினைத்திருக்கிறான் என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஆனா இப்படி ஆகக் கூடாது," என்று அவன் தனக்குத் தானே பேசுவது போல் சொன்னான். "முறைவச்சுத்தான் விட்டுக்கொடுக்கும். இன்னிக்கு இது, நாளைக்கு அது. உன் மரம் எப்பவுமே மூடிக் கெடக்குன்னா, கீழ உள்ள மரம் ஒரு தடவகூட…"

நிறுத்தினான். அந்த நிறுத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில், அவளுடைய வளையலை அடகு வைத்ததைச் சொல்லும்போதும் இதே இடத்தில்தான் நிறுத்தினான்.

"சொல்லுங்க."

"போன வருஷம் எங்க மேனேஜர் கருணாகர் சார் கேட்டாரு. எஸ்டேட் மரங்க ஒண்ணுக்கொண்ணு விட்டுக்கொடுத்துக்கிட்டே இருந்தா காய் கொறையுது, காத எடுத்துரு, வாய் மட்டும் போதும்னாரு. காது இல்லாத பாக்டீரியாவ வளத்து எஸ்டேட் மரத்துக்கெல்லாம் ஊசி போட்டோம்."

"காதோட இருந்த பழசு?"

"எஸ்டேட்ல அத மருந்து வச்சு ஒழிச்சாச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே அது வேர் வழியா வேலியத் தாண்டி மேட்டுக்கு வந்திருக்கு."

"வந்திருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். சொன்னேன். மேட்டு மரம் குடிக்காம விட்ட தண்ணி மண்ணுக்குள்ள இறங்கிப் பள்ளத்துக்குத்தான வரும், நமக்கு நல்லதுதானன்னாரு. இப்ப எஸ்டேட்ல சொட்டுநீரப் பாதியா கொறச்சிட்டாங்க. மரம் தவிச்சு அழுதுக்கிட்டே இருக்கணும்னு." அவன் குரல் இறங்கியது. "ஒரு வாரம் சண்ட போட்டேன் குழலி. அப்புறம் விட்டுக்கொடுத்துட்டேன்."

குழலி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் கத்தியிருந்தாலே தேவலை.

"ஒங்க வேலைய விட்டுக்கொடுங்க. ஒங்க சம்பளத்த விட்டுக்கொடுங்க. என் தோட்டத்த விட்டுக்கொடுக்க நீங்க யாரு அத்தான்? வித்துட்டுப் போனாகளே, அவுக தோட்டத்த விட்டுக்கொடுக்க நீங்க யாரு? ஊருல சொல்லுவாக, 'கோமதி பொண்டாட்டிய எங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டான்'னு. எங்கிட்டயே சொல்லிருக்காக. நானும் நம்பிக்கிட்டு இருந்தேன்!"

அவன் ஆறிய இட்லியை அப்படியே வைத்துவிட்டு எஸ்டேட்டுக்குப் போனான்.

மதியம் அவன் சீக்கிரமே திரும்பி வந்தான். அவள் தோட்டத்தில் உதிர்ந்த காய்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அருகில் வந்து சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து நீட்டினான். உள்ளே கலங்கிய நீர் மாதிரி ஏதோ இருந்தது.

"எஸ்டேட்ல போட்டது. உன் தோட்டத்துக்கு இது போதும். பழச ஒழிச்சிட்டு நானே ஊசி போட்டுத் தாரேன். காது போயிட்டா உன் மரம் யாருக்கும் மூடாது. பத்து நாள்ல காய் திரளும்."

தெரிந்தால் அவனுக்கு வேலை போகும், வழக்கும் வரும். அவளுக்காகத் திருடி வந்திருக்கிறான். குழலி புட்டியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். தோட்டம் பிழைத்துவிடும். வெள்ளிக்கிழமை நிமிர்ந்து நின்று 'விற்கமாட்டேன்' என்று சொல்லலாம். அப்பா வைத்த மரங்கள்.

அப்போது வடக்குக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், சுடலைவடிவின் துண்டு நிலம் கண்ணில் பட்டது. சுடலைவடிவு அவளுக்கு ஒன்றுவிட்ட மதினி. எஸ்டேட்டில் கிளை கழிக்கிற பெண்களுக்குத் தலைவி. தன் துண்டு நிலத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தவள்.

"மதினி மரத்துக்குக் காது இருக்குல்லா?"

"இருக்கும்."

"அப்ப நாளைக்கு என் மரம் தவிச்சு அழுதா?"

அவன் தரையைப் பார்த்தான். "அவங்க மரம் மூடிக்கும்."

"என் மரம் குடிக்கும். அவ மரம் பட்டினி கெடக்கும். நல்லா இருக்கு." புட்டியை அவன் பைக்குள்ளேயே திணித்தாள். "கருணாகர் ஆகணும்னு ஆச இருந்தா நான் ஏன் மண்ணக் கொத்திக்கிட்டுக் கெடக்கேன்? கொண்டு போயி எடுத்த எடத்துலயே வைங்க. ஒரு வாரம் சண்ட போட்டவரு, இதுக்கும் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்."

"எல்லாத் தோட்டத்துக்கும் குடுக்க என்கிட்ட இல்ல குழலி. குடுத்தாலும், ஊர்ல எல்லா மரமும் கத்தும், எதுவும் எதையும் கேக்காது. அதுவும் சரியில்ல."

"எடுத்த காதத் திரும்ப ஒட்ட முடியுமா?"

கேள்வி என்று வந்துவிட்டால் அவன் வேறு ஆள். சண்டை, பயம் எல்லாம் மறந்து கண்ணில் வெளிச்சம் வந்துவிடும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவள் ஒரு காலத்தில் மயங்கினாள்.

"அது சுலபம். பாக்டீரியா நம்மள மாதிரி கஞ்சம் கிடையாது. காதுங்கறது அதுக்குள்ள இருக்குற ஒரு சின்ன மரபணு வளையம்தான். பக்கத்துல வேற ஒண்ணு வந்தா அதப் பிரதியெடுத்து அதுக்கும் குடுத்துரும். அதனாலதான எஸ்டேட்ல ஒவ்வொரு மரத்துக்கும் கத்திய மருந்து வாளியில முக்கச் சொல்லுதோம்? வெளி மரத்துச் சாறு ஒரு சொட்டு வெட்டுவாயில பட்டாப் போதும், ஒரு மாசத்துல மரம் பூரா…"

நிறுத்தினான். அவளைப் பார்த்தான். அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"சோறு ஆறுது. வாங்க சாப்பிட," என்றாள்.

அவன் பின்னாலேயே போனான். சாப்பிட்டான். எதையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, எஸ்டேட் வேன் வருவதற்கு முன், மோட்டார் அறைத் தொட்டியருகே குழலி சுடலைவடிவுக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சுடலைவடிவு வெற்றிலையைக் குதப்பியபடி நிதானமாகக் கேட்டாள். அவள் நிதானமாகக் கேட்டால் யாருக்கோ கேடு என்று அர்த்தம்.

"ஏட்டி, அப்ப நம்ம மரம் சீக்கு வந்து சாகல. மரியாத பாத்துச் சாவுது."

"ஆமா மதினி."

"பக்கத்து வீட்டுக்காரன் பசி பசின்னு கத்துதான்னு நம்ம ஒலைய அணச்சிட்டு ஒக்காந்திருக்கு. அவன் என்னடான்னா சட்டியில சோத்த வச்சிக்கிட்டே கத்துதான்."

"சட்டியில சோறும் கெடையாது. அவன் மரத்தையும் பட்டினி போட்டுத்தான் கத்த வைக்காக."

சுடலைவடிவு வெற்றிலையைத் துப்பினாள். "ஒம் புருசன் மூளைய எந்த அம்மியில வச்சு அரச்சாகளோ! சரி விடு. நான் என்ன செய்யணும்?"

"கத்திய முக்குற வாளியில மருந்துக்குப் பதிலா நம்ம மரத்து எலச்சாறு."

"அவ்வளவுதானா? அதுக்கா நீ இப்படி மொகத்தத் தூக்கி வச்சிருக்க? மேஸ்திரி தெனமும் கத்துவான், 'முக்கி வெட்டுங்க, முக்கி வெட்டுங்க'ன்னு. இந்தத் தடவ ஒரு மரம் விடாம முக்கி வெட்டுதோம். அவன் மனசு குளிரட்டும்."

"புடிச்சிட்டா வேல போயிரும் மதினி. ஒங்களுக்கு மட்டுமில்ல, கூட வாரவுகளுக்கும்."

"என் மரம் செத்தா எனக்கு வேல மட்டும் மிஞ்சும். அந்த வேலையும் அவன் குடுக்குற வேல." சுடலைவடிவு முந்தானையை இழுத்துச் செருகினாள். "இந்த வாரம் பூரா போத்துக் கிளை கழிக்கிற வேலதான். அவளுககிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ எலய அரைட்டி. மிக்ஸிய ஒடச்சிராத, அத்த திட்டும்."

வெள்ளிக்கிழமை மேலாளர் கருணாகரே காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிரிப்பு. வேலியருகே நின்றுகொண்டு அவளுடைய மூடிய மரங்களை இரக்கத்தோடு பார்த்தார்.

"மேடம், கேட்கவே கஷ்டமா இருக்கு. இந்த நிலைமையில இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? சார் எவ்வளவு தங்கமான மனுஷர். விட்டுக்கொடுத்துப் போகத் தெரிஞ்சவர். நீங்களும் அப்படித்தான்னு அவரே மேடையில சொல்லியிருக்கார்."

"அவரு தெரியாமச் சொல்லிட்டாரு."

"பாருங்க, மரமெல்லாம் காய்ஞ்சதுக்கு அப்புறம் வந்தீங்கன்னா நாங்க இதே விலை தரமுடியாது."

"மரம் காயுறது என் தோட்டத்துல. அது எப்பக் காயும்னு கணக்கு ஒங்ககிட்ட இருக்கு. அது எப்படி சார்?"

வெள்ளைச் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. வெயில் என்று சொல்லி அவர் காரில் ஏறிக்கொண்டார். அந்தப் பக்கம் எஸ்டேட்டுக்குள், மேஸ்திரியின் கண் முன்னால், வரிசையாகப் பெண்கள் கத்தியை வாளியில் முக்கி, வெட்டி, முக்கி, வெட்டி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு காத்திருப்பு. குழலியின் கீழ்வரிசை மரங்கள் பட்டுப்போயின. அப்பா முதன்முதலில் வைத்த மரமும் அதில் ஒன்று. அதை வெட்டும்போது அவள் அழவில்லை. கோடரிக்காரர், "எதுக்கும்மா என்ன இப்படி மொறைக்கீக? நானா கொன்னேன்?" என்று கேட்டார்.

சித்திரை பாதியில் எஸ்டேட் மூடிக்கொண்டது.

ஒரு மரம் இரண்டு மரம் அல்ல. முதல் நாள் விரிந்திருந்த மரங்கள் மறுநாள் மடிந்து நின்றன. எந்நேரமும் தாகத்தில் வைக்கப்பட்ட மரங்கள், இத்தனை நாள் அழ மட்டுமே தெரிந்த மரங்கள், முதல்முறையாகப் பக்கத்து மரத்தின் அழுகையைக் கேட்டன. உடனே தாங்கள் குடிப்பதை நிறுத்தின. பக்கத்து மரமும் இதன் அழுகையைக் கேட்டு நிறுத்தியது. 'நீ குடி', 'இல்லை, நீ முதலில் குடி' என்று உபசாரம் செய்துகொண்டே நூறு பேர் பந்தியில் கை நனைக்காமல் உட்கார்ந்திருந்தது போல் இருந்தது அந்த எஸ்டேட். பாரம் தாங்காத காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அந்தச் சத்தம் மேட்டுக்கு வந்தது.

கருணாகர் பூச்சிமருந்து அடிக்கச் சொன்னார். உரம் வைக்கச் சொன்னார். கடைசியில் கோமதிசங்கரைக் கூப்பிட்டு, "என்னய்யா இது?" என்று கத்தினார்.

"தாகம் சார்," என்றான் அவன். "முழுசாத் தண்ணி விடுங்க. எந்த மரமும் தவிக்கலைன்னா எதுவும் அழாது. அழுகை கேட்கலைன்னா எதுவும் மூடாது. வேற மருந்து இல்ல."

வேறு வழியில்லாமல் குழாய்களைத் திறந்தார்கள். கீழே அழுகை அடங்கியது. அடங்கிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, குழலி தோட்டத்துக்குள் நுழைந்தபோது நிழல் வேறு மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். பிழைத்த மரங்களில் இலைகள் விரிந்திருந்தன. வேலியைப் பிடித்துக்கொண்டு சுடலைவடிவு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அன்று சுடலைவடிவு வெற்றிலை போடக்கூட மறந்திருந்தாள்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாளில், ஒரு முற்பகலில் கோமதிசங்கர் ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். பெட்டிக்குள் அவனுடைய காபிக் கோப்பை, இரண்டு புத்தகங்கள், விருதுக் கேடயம். குழலி உதிர்ந்த காய்களை ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேலை போயிட்டு," என்றான். "சாறப் பரிசோதனை பண்ணிட்டாங்க. காது மேட்டுத் தோட்டத்துல இருந்து வந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு. யாரு செஞ்சதுன்னு கருணாகர் சார் கேட்டாரு. உன் பேரச் சொல்லச் சொன்னாரு. சொன்னா என்னை விட்டுருவேன்னாரு."

அவள் கத்தி நின்றது.

"இந்தத் தடவ விட்டுக்கொடுக்கல குழலி." அவன் கண்கள் கலங்கியிருந்தன. "நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். யோசன, திட்டம் எல்லாம் என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். வழக்கு வந்தா என் மேலதான் வரும். உனக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் காத்திருந்தான். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் மனம் ஒரு கணம் இளகத்தான் செய்தது. அந்தக் கலங்கிய கண்களைத் துடைத்துவிட வேண்டும் போலத்தான் இருந்தது. கையில் எலுமிச்சைச் சாறு. அந்த ஒரு கணத்துக்குள் அவன் சொன்னது முழுதாக உள்ளே இறங்கிவிட்டது.

"என்ன சொன்னீய? யோசன ஒங்களோடதா?"

"இல்ல, உன்னக் காப்பாத்தத்தான…"

"நான் கேட்டனா? எல மொத்தமும் அரச்சது நான். மிக்ஸி போச்சு, ஒங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நான். வாளியில ஊத்தக் குடுத்தது நான். முதல்ல என் பொறுமைய எடுத்து மேடையில ஒங்க பேருல வித்தீங்க. சரின்னு இருந்தேன். இப்ப என் கோவத்தையும் எடுத்து ஒங்க பேருல எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீய!"

"குழலி, ஜெயிலுக்குப் போகவேண்டி வரும்டி."

"போனாப் போறேன். வழக்குன்னு வந்தாத்தான காது எதுக்கு எடுத்தாங்க, தண்ணிய எதுக்குக் கொறச்சாங்கன்னு கோர்ட்டுல கேக்க முடியும்? வித்துட்டுப் போனவுக எல்லாரும் வந்து கேப்பாக. நீங்க கையெழுத்துப் போட்டா அது ஆபீஸ் சண்ட. நான் போட்டாத்தான் அது எங்க சண்ட."

அவன் பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

அவள் கையைக் கழுவினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, சுவரில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தாள். ஸ்கூட்டர் உறுமியது. வாசல்படியில் அட்டைப்பெட்டியோடு நின்றவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டிய வச்சிட்டு ஏறுங்க. எழுதிக் குடுத்தத நீங்களே கேட்டு வாங்கிக் கிழிக்கணும்."

அவன் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். தெருமுனை வந்ததும் வண்டி கிழக்கே எஸ்டேட் பக்கம் திரும்பாமல் வடக்கே திரும்பியது.

"எங்க போற?"

"மதினி வீட்டுக்கு," என்றாள். "நான் ஒருத்திதான் செஞ்சேன்னு போய்ச் சொன்னா, அவ என்னைச் சும்மா விடுவாளா?"